தலைக்கு மேல வெயில், மலைக்கு மேல மழை

(பாட்காஸ்ட் பகுதியின் திருத்திய எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில வாக்கியங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்தப் பகுதியை சிவகிரியில எங்க வீட்டு மாடியில உக்காந்து பதிவு பண்றேன். பின்னாடி சடசடன்னு ஒரு சத்தம் கேட்டா அது தென்னை ஓலை. மேற்க பாத்தா மலை. இப்ப சாயங்காலம் அஞ்சரை, மலை உச்சி முழுக்க மேகம் மூடியிருக்கு. ஊருக்குள்ள ஒரு சொட்டு இல்ல. இந்தக் காட்சியை ஞாபகத்துல வச்சுக்குங்க, கடைசியில இதுக்குத் திரும்பி வருவேன்.

போன பகுதியில அரிசோனா வேலை அனுபவத்தைச் சொன்னப்ப நிறைய பேர் கேட்டீங்க, "வேலையை விடுங்க, அந்தப் பாலைவனப் பயணம், ஜீப், போட்டோ, அதைச் சொல்லுங்க"ன்னு. சரி, சொல்றேன். ஆனா அழகான இடங்களோட பட்டியலா மட்டும் சொல்ல எனக்கு மனசு வரல. அங்க ஒரு ஞாயித்துக்கிழமை நான் ஒரு பெரிய முட்டாள்தனம் பண்ணப் பார்த்தேன். அதை நான் பண்ணாம தப்பிச்சதுக்குக் காரணம் என் புத்தி இல்ல, கூட வந்த ஒருத்தரோட பிடிவாதம். இன்னைக்கு அந்தக் கதைதான்.

வாரக் கடைசி வாழ்க்கை

2022 கடைசியில கம்பெனி என்னை அரிசோனாவுல சாண்ட்லர்ங்கிற ஊருக்கு அனுப்பிச்சது. ஃபீனிக்ஸ் பக்கத்துல. கம்ப்யூட்டர் வேலை, சிப் ஃபேக்டரி, அதனால தமிழ் ஆளுங்களுக்குப் பஞ்சமே இல்ல. வெள்ளிக்கிழமை ராத்திரி ஆனா ரெண்டு வகை ஆளுங்க இருப்பாங்க. ஒரு கூட்டம் பிரியாணிக்கு அரிசி ஊறப் போடும். இன்னொரு கூட்டம் காருல தண்ணி கேன் ஏத்தும். நான் ரெண்டாவது கூட்டத்துல போய்ச் சேர்ந்தேன்.

எங்க குழு மொத்தம் நாலு பேர். ஒரு ஈரோட்டு அண்ணன், நாப்பது வயசு, குடும்பஸ்தர். ஒரு மதுரைக்காரன், என் வயசு. ஒரு யாழ்ப்பாணத்து அக்கா, கனடாவுல படிச்சுட்டு அங்க வேலைக்கு வந்தவங்க. அப்புறம் நான். கேமரா பைத்தியம் எனக்கும் அக்காவுக்கும். ஜீப் பைத்தியம் மதுரைக்காரனுக்கு. அண்ணன் நடக்கிறதுக்காக வருவார்.

ஃபீனிக்ஸ்ல இருந்து வடக்க பேஜ்னு ஒரு சின்ன ஊர். நாலரை மணி நேரம் ஓட்டணும். கொலராடோ ஆத்துக்குக் குறுக்க கிளென் கேன்யன் அணை கட்டினப்ப அங்க வேலை பாத்தவங்களுக்காக உருவான ஊர் அது. அந்த ஊரைச் சுத்தித்தான் இன்ஸ்டாகிராம்ல நீங்க பாக்குற பாதிப் படம்: குதிரை லாடம் மாதிரி ஆறு வளையிற ஹார்ஸ்ஷூ பெண்ட், ஆன்டலோப் கேன்யன், கொஞ்ச தூரத்துல தி வேவ். அந்த வேவுக்குப் போகக் குலுக்கல் முறை. ஒரு நாளைக்கு அதிகபட்சம் 64 பேர். அதுவும் 2021-லதான் 20-ல இருந்து 64 ஆக்கினாங்க. நான் ஆறு தடவை போட்டேன், ஆறு தடவையும் "மன்னிக்கவும்"னு மெயில் வந்துச்சு.

அந்தப் பக்கத்துப் பாறை முக்கால்வாசி நவாஹோ மணற்கல். டைனோசர் காலத்துல, ஏறக்குறைய 19 கோடி வருஷம் முன்னாடி, அது மொத்தமும் மணல் மேடு. காத்து அடிச்சு அடுக்கடுக்கா சேர்த்த மணல் இறுகிக் கல்லாச்சு. பாறையில தெரியுற அந்த வளைவுக் கோடெல்லாம் அன்னைக்கு அடிச்ச காத்தோட தடம். அந்தக் கல்லைத் தண்ணி அறுத்து அறுத்து ஒடுக்கமான சந்தா ஆக்குச்சுன்னா அதுக்குப் பேர் ஸ்லாட் கேன்யன். நம்ம ஊர் முடுக்கு மாதிரி வச்சுக்குங்க. ரெண்டு பக்கமும் கையை நீட்டினா சுவர் தொடும். நிமிர்ந்து பாத்தா ரிப்பன் அகலத்துக்கு வானம்.

ஒரு டைம்சோன் விஷயம் சொல்லிடறேன், நம்ம துறைக்காரங்க ரசிப்பாங்க. அரிசோனாவுல கோடைக்குக் கடிகாரத்தை மாத்த மாட்டாங்க. ஆனா அதே மாநிலத்துக்குள்ள இருக்கிற நவாஹோ பழங்குடி நிலத்துல மாத்துவாங்க. பேஜ் ஊர்ல நிக்கும்போது போன் ஒரு நேரம் காட்டும், நாலு கிலோமீட்டர் தள்ளிப் போனா டவர் மாறி ஒரு மணி நேரம் கூட்டிக் காட்டும். ஆன்டலோப் கேன்யனுக்கு டிக்கெட் போட்டுட்டு இதனால அலறி அடிச்சு ஓடினவங்க நிறைய. நாங்களும் ஓடினோம். போய்ச் சேர்ந்தா அங்க டூர் நடத்துறவங்க அரிசோனா நேரத்தைத்தான் பாக்குறாங்க. ஒரு மணி நேரம் முன்னாடியே போய் மணலை எண்ணிட்டு உக்காந்திருந்தோம்.

மணல்ல ஓட்டுறது

கதை நடந்தது 2023 செப்டம்பர். சனிக்கிழமை வைட் பாக்கெட்னு ஒரு இடம். தார் ரோட்டை விட்டு எறங்கினா முதல்ல ஹவுஸ் ராக் வேலி ரோடு, மண் ரோடு. அதுல களிமண் கலந்திருக்கு. காஞ்சிருந்தா சாதாரண காரே போகும். மழை பெஞ்சா எந்த வண்டியும் போகாது, சோப்பு தடவின மாதிரி ஆயிடும். அதுல இருந்து பிரிஞ்சு போற பாதை முழுக்க ஆழமான மணல். ஃபோர் வீல் டிரைவ் இல்லாம அங்க போறது, தானா போய்ப் புதைஞ்சுக்கிறதுதான்.

மணல்ல ஓட்ட முதல் பாடம், டயர்ல காத்தை எறக்கணும். 35 பி.எஸ்.ஐ இருந்தா 20-க்குக் கொண்டு வரணும். டயர் தளர்ந்து, தரையில படுற பரப்பு நீளமாகும். அதே எடை அதிகப் பரப்புல பரவுறதால வண்டி மணலைக் குடையாம மேலோட மிதந்து போகும். ரெண்டாவது, வேகத்தை விட சீரான ஓட்டம் முக்கியம். திடீர்னு பிரேக் அடிக்காதீங்க, திடீர்னு ஸ்டியரிங் வெட்டாதீங்க. மூணாவது, சக்கரம் சுத்துது வண்டி நகரலன்னா உடனே ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்துடணும். ஆத்திரத்துல மிதிச்சா அச்சு வரைக்கும் புதையும். எறங்கி, மண்வெட்டியால முன்னாடி இருக்கிற மணலை வாரிவிட்டு, மெதுவா எடுக்கணும். திரும்பி வரும்போது காத்தடிக்க ஒரு சின்ன கம்ப்ரஸர் கையில இருக்கணும். திருச்செந்தூர்ப் பக்கம் குதிரைமொழித் தேரியில செம்மணல்ல பைக் ஓட்டிப் பாத்தவங்களுக்கு இதுல பாதி ஏற்கெனவே தெரிஞ்சிருக்கும்.

மதுரைக்காரன் ஒரு தடவைதான் புதைச்சான். முக்கால் மணி நேரம் தோண்டினோம். வைட் பாக்கெட் போய்ச் சேர்ந்தப்ப சாயங்காலம். வெள்ளையும் சாம்பலுமா ஒரு பாறை, உருகின மெழுகு மாதிரி சுருண்டு சுருண்டு கிடக்கு. முந்தின வாரம் பெஞ்ச மழைத் தண்ணி குழியில தேங்கி நிக்குது, அதுல வானம் தெரியுது. நானும் அக்காவும் சூரியன் போற வரைக்கும் வாயே திறக்கல.

அந்தக் குழித் தண்ணி ஒரு தகவல். இங்க மழை பெய்யுற காலம் இதுன்னு அது சொல்லுது. நான் அதைப் படமா மட்டும்தான் பாத்தேன்.

ஞாயித்துக்கிழமை

மறுநாள் திட்டம் வயர் பாஸ் வழியா பக்ஸ்கின் கல்ச். உலகத்துலேயே நீளமான ஸ்லாட் கேன்யன்கள்ல ஒண்ணு அது. 15 மைலுக்குப் பக்கம் நீளம், சில இடத்துல நானூறு அடி ஆழம். முழுசும் போக ஆசை இல்ல. வயர் பாஸ்ல எறங்கி, ஒண்ணே முக்கால் மைல் போனா ரெண்டு கேன்யனும் சேர்ற இடம் வரும், அங்க படம் எடுத்துட்டுத் திரும்பறதுதான் எண்ணம்.

இங்க போட்டோ எடுக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். வெளியில நாம காலையும் சாயங்காலமும்தான் நல்ல வெளிச்சம்னு சொல்வோம். ஸ்லாட்டுக்குள்ள தலைகீழ். உச்சி வெயில் மேல் சுவர்ல பட்டு, எதிர்ச் சுவருக்குத் தெறிச்சு, அங்க இருந்து கீழ தெறிச்சு, எறங்க எறங்க ஆரஞ்சு, சிவப்பு, கடைசியில ஊதா வரைக்கும் போகும். அதனால காலை பத்துல இருந்து மதியம் ரெண்டு வரைக்கும்தான் அங்க நல்ல நேரம். நேர் வெயில் விழுற இடத்தையும் வானத்தையும் ஃபிரேமுக்குள்ள விடக் கூடாது, வெளுத்துப் போயிடும். வைட் பேலன்ஸை ஆட்டோவுல விட்டா கேமரா அந்த ஆரஞ்சைத் தப்புன்னு நினைச்சுத் திருத்திடும். பகல் வெளிச்சத்துல பூட்டிடுங்க. ஐ.எஸ்.ஓ 100, டிரைபாட், சில நொடி எக்ஸ்போஷர். அவ்வளவுதான் ரகசியம்.

இப்ப இன்னொரு பக்கம் பாருங்க. அரிசோனாவுக்கும் பருவமழை உண்டு. ஜூன் 15-ல இருந்து செப்டம்பர் 30 வரைக்கும்னு அங்க வானிலைத் துறையே நாள் குறிச்சு வச்சிருக்கு. காலையில வானம் துடைச்ச மாதிரி இருக்கும். தரை சூடாக, மதியத்துக்கு மேல உயரமான பீடபூமி மேல இடி மேகம் கட்டும். அதாவது, நல்ல படம் கிடைக்கிற நேரமும் மேகம் கட்டுற நேரமும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வருது.

நாங்க வண்டியை நிறுத்தினப்ப மணி பதினொண்ணரை. ஏற்கெனவே ரெண்டு கார் நிக்குது, ஆட்கள் உள்ள போயிட்டாங்க. தலைக்கு மேல வானம் அப்படி ஒரு நீலம். காஞ்ச ஓடையில எறங்கி நடக்க ஆரம்பிச்சோம். பதினஞ்சு நிமிஷத்துல எதுக்க ஒரு வயசான தம்பதி வேகமா வந்தாங்க. நின்னு, மேற்க கையைக் காட்டி, "அங்க மேகம் கட்டுது, நாங்க திரும்பறோம்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. மேடான இடத்துல ஏறிப் பாத்தா, ரொம்ப தூரத்துல, அடிவானத்துக்குப் பக்கத்துல, ஒரு காலிஃபிளவர் மாதிரி மேகம். அடியில மட்டும் கருப்பு.

ஈரோட்டு அண்ணன் சொன்னார், "திரும்பிரலாம்."

நான் ஒத்துக்கல. என் வாதத்தை அப்படியே சொல்றேன், ஏன்னா உங்கள்ல பாதிப் பேர் இதே வாதத்தைப் பண்ணியிருப்பீங்க. "அது எவ்வளவோ மைல் தள்ளி இருக்கு அண்ணே. இங்க வெயில் மண்டையைப் பொளக்குது. இதுக்காக அஞ்சு மணி நேரம் ஓட்டிட்டு வந்திருக்கோம். பெர்மிட்டுக்குக் காசு கட்டியாச்சு. ஒரு மணி நேரம்தான், பாத்துட்டு வந்துடலாம்." மதுரைக்காரன் என் பக்கம். அக்கா யோசிக்கிறாங்க.

அண்ணன் வாதாடவே இல்ல. "எனக்கு வேண்டாம். நான் வரலன்னா நீங்க போக மாட்டீங்க, ஏன்னா வண்டிச் சாவி எங்கிட்ட இருக்கு"ன்னு சொல்லிட்டுத் திரும்பி நடக்க ஆரம்பிச்சுட்டார். எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. வண்டிக்கு வந்து, அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசாம, டெலி லென்ஸை மாட்டிட்டு அந்த மேகத்தையே படம் எடுத்துட்டு உக்காந்திருந்தேன்.

ஒண்ணு பத்து இருக்கும். முதல்ல சத்தம். தூரத்துல கூட்ஸ் ரயில் வர்ற மாதிரி. அப்புறம் நாங்க நடந்துட்டு வந்த அதே காஞ்ச ஓடையில, வளைவுல, ஒரு பழுப்பு நுரை எட்டிப் பாத்துச்சு. முன்னாடி சுள்ளி, மரக்கட்டை, மாட்டுச் சாணம், ஒரு பிளாஸ்டிக் வாளி. பின்னாடி தண்ணி. கரைச்ச சிமெண்ட் மாதிரி கெட்டியா. ரெண்டு நிமிஷத்துல ஓடை முழுக்க இடுப்பு உயரம். எங்க மேல ஒரு சொட்டு மழை விழல. வெயில் அப்படியே அடிக்குது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டேன், பழக்க தோஷம். இந்த ஓடை இங்க முப்பது அடி அகலம், தண்ணி மூணு அடி. இதே தண்ணி நாலு அடி அகலமான சந்துக்குள்ள போனா? வேகம் கூடும், அதைக் கழிச்சாலும் உயரம் ஆள் மூழ்குற அளவுக்குப் போகும். சந்துல ஏறி ஒதுங்க இடம் கிடையாது. நாங்க போயிருந்தா, அந்த நேரத்துக்குச் சரியா அந்தச் சந்துக்குள்ளதான் இருந்திருப்போம். டிரைபாட் விரிச்சு வச்சுட்டு.

அப்பதான் பக்கத்துல நிக்கிற அந்த ரெண்டு காரைப் பாத்தேன்.

நாலு மணி நேரம்

போன் சிக்னல் இல்ல. ஆளைக் கூப்பிடப் போகலாம்னா, ரோட்டுக்குக் குறுக்க போற ஓடையிலயும் தண்ணி. மதுரைக்காரன் "ஜீப்தானே, தாண்டிடலாம்"னான். அங்க வானிலைத் துறை திரும்பத் திரும்பச் சொல்ற கணக்கு இது: ஓடுற தண்ணி ஆறு அங்குலம் இருந்தா ஆளைத் தள்ளிடும், ஒரு அடி இருந்தா பெரும்பாலான கார்களை இழுத்துட்டுப் போயிடும், ரெண்டு அடின்னா பெரிய வண்டியையும் தூக்கிடும். வண்டி கனம்னு நாம நினைக்கிறோம். ஆனா தண்ணி அடியில புகுந்து மிதக்க வச்சுட்டா டயருக்குப் பிடிமானம் போச்சு, அப்புறம் அது வண்டி இல்ல, படகு. நான் இருந்த அரிசோனாவுல 1995-ல இருந்து ஒரு சட்டமே இருக்கு. தடுப்பு வச்ச வெள்ள ரோட்டுல தடுப்பைச் சுத்தி வண்டியை விட்டு மாட்டினா, மீட்புச் செலவை வாங்கலாம். ஜனங்க அதுக்கு வச்ச பேரு "முட்டாள் டிரைவர் சட்டம்".

அதனால காத்திருந்தோம். நாலு பேரும் மேட்டுல நின்னு அந்தப் பக்கமே பாத்துட்டு இருந்தோம். அண்ணன் எங்கிட்ட "பாத்தியா"ன்னு ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா கூடப் பரவாயில்லன்னு இருந்துச்சு.

அஞ்சு நாப்பதுக்கு, ஓடை வழியா இல்லாம மேட்டு வழியா, அஞ்சு பேர் வந்தாங்க. சேறு முழுக்க. அதுல ஒரு அம்மா, அம்பது வயசு இருக்கும், எங்களைப் பாத்ததும் கீழ உக்காந்துட்டாங்க. கொஞ்சம் அகலமான இடத்துல இருக்கும்போது சத்தம் கேட்டிருக்கு. கையில இருந்த எல்லாத்தையும் போட்டுட்டு ஒரு பாறைத் திட்டு மேல ஏறியிருக்காங்க. சாப்பிட ஒதுங்கினதாலதான் அகலமான இடத்துல இருந்தாங்களாம். பத்து நிமிஷம் முன்னாடி சாப்பிட்டு முடிச்சிருந்தா ஒடுக்கத்துக்குள்ள போயிருப்பாங்க. எங்ககிட்ட இருந்த புளியோதரையை அவங்களுக்குக் குடுத்தோம். ருசி எப்படின்னு கேக்கிற நிலைமையில யாரும் இல்ல.

எல்லாருக்கும் இந்த அதிர்ஷ்டம் கிடைக்கிறதில்ல. 1997 ஆகஸ்ட் 12, நாங்க டிக்கெட் எடுத்துப் போன அதே ஆன்டலோப் கேன்யனோட கீழ்ப் பகுதியில 11 சுற்றுலாப் பயணிகள் அடிச்சுட்டுப் போய்ச் செத்தாங்க. அந்த இடத்துல அன்னைக்குப் பேருக்குத்தான் மழை. புயல் மழை பெஞ்சது மைல் கணக்குல தள்ளி, மேல. 2015 செப்டம்பர் 14, சயான் தேசியப் பூங்காவுல கீஹோல் கேன்யன்ல எறங்கின ஏழு பேர், ஏழு பேரும் போயிட்டாங்க.

மேல் ஆன்டலோப்புக்கு நவாஹோ மொழியில ஒரு பேரு உண்டு. அர்த்தம், பாறை வழியா தண்ணி ஓடுற இடம். எங்க கைடு அதைச் சொன்னப்ப நான் கேமராவுல செட்டிங் மாத்திட்டு இருந்தேன். நாம என்னத்தைப் பாக்கப் போறோமோ, அதைச் செதுக்கினதே அந்த வெள்ளம்தான். அது வேலையை முடிச்சுட்டுப் போயிடல, இன்னும் செதுக்கிட்டுத்தான் இருக்கு.

அப்பா சொன்னது

அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு போன் போட்டு அப்பாகிட்ட நடந்ததைச் சொன்னேன். ஆறுதல் சொல்வார்னு நினைச்சேன். அவர் கேட்டார், "ஏலே, மலையில இருட்டிட்டு வந்தா ஓடையில கால வைக்கக் கூடாதுன்னு ஒனக்கு அமெரிக்காக்காரன் சொல்லித் தரணுமாக்கும்?"

சுருக்குன்னு இருந்துச்சு. ஏன்னா எனக்குத் தெரியும். சிவகிரியில பொறந்தவனுக்கு இது தெரியாம இருக்காது. ஊர்ல வெயில் அடிக்கும், மேற்க மலையில கருக்கும், ஒரு மணி நேரத்துல காட்டாறு வந்துடும். தாத்தா எங்களை ஓடைக்குக் குளிக்கக் கூட்டிட்டுப் போனா முதல்ல மலையைப் பாப்பார், அப்புறம்தான் தண்ணியைப் பாப்பார். தெளிஞ்ச தண்ணி திடீர்னு கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, துணியைக் கூட எடுக்க விடாம கரையேத்திடுவார். இவ்வளவும் தெரிஞ்ச நான், பாலைவனத்துல மறந்துட்டேன். காஞ்ச இடம்தானேன்னு. உண்மையில காஞ்ச இடத்துலதான் வேகம் கூட: மொட்டைப் பாறை, மரம் இல்ல, மண்ணு இல்ல, பெஞ்ச தண்ணி முழுக்க அப்படியே ஓடி வரும்.

நம்ம வேலையில இது தினமும் பாக்குறதுதான். நம்ம சர்வரோட டாஷ்போர்டு எல்லாம் பச்சையா இருக்கும். அப்ஸ்ட்ரீம்ல எவனோட சர்வீஸோ விழுந்திருக்கும். பத்து நிமிஷம் கழிச்சு நம்ம தலையில விடியும். அப்ஸ்ட்ரீம்ங்கிற வார்த்தையை நாளைக்கு நூறு தடவை சொல்றேன். அது ஆத்துல இருந்து வந்த வார்த்தைன்னு அந்த ஓடைக் கரையிலதான் உறைச்சுது.

அடுத்த வருஷம், 2024 மே 17. அங்க விடிகாலையில எழுந்து போனைப் பாத்தா, குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரே வீடியோ முப்பது தடவை. பழைய குற்றாலம். ஜனங்க குளிச்சுட்டு இருக்காங்க, திடீர்னு தண்ணி பெருகி, படிக்கட்டுல எல்லாரும் அலறி ஓடுறாங்க. அந்தப் படிக்கட்டு எனக்கு ஒவ்வொண்ணும் தெரியும். சின்ன வயசுல அதுலதான் ஈரத் துண்டோட உக்காந்து மிளகாய் பஜ்ஜி தின்னோம். அன்னைக்கு திருநெல்வேலியில இருந்து வந்த 17 வயசுப் பையன் ஒருத்தன் போயிட்டான். மலையில பெஞ்ச கோடை மழை. சீசன் கூட ஆரம்பிக்கல.

நான் பக்ஸ்கின்ல நின்ன மாதிரிதான் அந்தப் பையனும் நின்னிருப்பான். அருவிக்கு அடியில நிக்கிறவனுக்கு முன்னாடி பாறை. அந்தப் பாறைக்குப் பின்னாடி மலை எப்படி இருக்குன்னு தெரியாது. தண்ணிச் சத்தத்துல இடிச் சத்தம் கேக்காது. ஸ்லாட்டுக்குள்ள ரிப்பன் வானம். அருவிக்கு அடியில அது கூட இல்ல. சிவகிரி மாடியில இருந்து பாக்குற எனக்கு மலை தெரியுது. குளிக்கிறவனுக்குத் தெரியாது. அவனைக் குறை சொல்ல ஒண்ணுமே இல்ல.

இப்ப நான் செய்யுற மூணு காரியம்

அறிவுரை மாதிரி எடுத்துக்காதீங்க, என் பழக்கத்தைச் சொல்றேன்.

ஒண்ணு. எங்க போறதா இருந்தாலும், ஆறோ அருவியோ கேன்யனோ, மேப்பைத் திறந்து அந்த ஓடையை விரலால மேல் நோக்கிப் பிடிச்சுட்டே போவேன். எந்த மலையில இருந்து தண்ணி இங்க வருதுன்னு பாத்து, அந்த மலைக்கு வானிலை பாப்பேன். நான் நிக்கப் போற இடத்துக்கு வானிலை பாக்குறது பாதி வேலைதான்.

ரெண்டு. திரும்பி வர்ற முடிவை வீட்டுலயே எடுத்துடுவேன். "இந்தத் திசையில மேகம் தெரிஞ்சா திரும்பறோம்"னு கிளம்புறதுக்கு முன்னாடி குழுவுல எழுதிப் போட்டுடுவோம். ஏன்னா ஸ்பாட்ல போய் நின்னா, ஓட்டி வந்த தூரம் நம்மகிட்டப் பேச ஆரம்பிச்சுடும். அன்னைக்கு எங்கிட்டப் பேசினது அதுதான். அப்புறம், குழுவுல யார் ஒருத்தர் வேண்டாம்னு சொன்னாலும் காரணம் கேக்காம திரும்பறோம். ஈரோட்டு அண்ணன் சாவியை வச்சுட்டுச் செஞ்சதை நாங்க விதியா ஆக்கிட்டோம்.

மூணு. எங்க போறோம், எத்தனை மணிக்குள்ள போன் வரணும்னு வெளியில ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுப் போவேன். அந்த அஞ்சு பேர் எங்க இருக்காங்கன்னு உலகத்துல யாருக்கும் தெரியாம இருந்த நாலு மணி நேரத்தை நான் கரையில நின்னு பாத்திருக்கேன்.

நான் ஊருக்குத் திரும்பி வந்து வீட்டுல இருந்தே வேலை பாக்க ஆரம்பிச்சதும், சென்னையில இருந்து காலேஜ் பசங்க நாலு பேர் வந்தாங்க, குற்றாலம் சீசனுக்கு. வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசின்னு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். மெயின் அருவியில பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணி கொட்டுது. கயிறு கட்டியாச்சு, போலீஸ் விசில் அடிக்கிறார், யாரையும் விடல. பசங்க கடுப்பாயிட்டாங்க. "எவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்கோம்! தண்ணி இவ்வளவு அழகா விழும்போதுதான் தடை போடுவாங்களா?"

அந்தக் குரல் எனக்கு நல்லா தெரிஞ்ச குரல். நான் வாதாடல. "கார் சாவி எங்கிட்ட இருக்கு, வா பரோட்டா சாப்பிடலாம்"னு கூட்டிட்டு வந்துட்டேன். ஒருத்தன் அரை மணி நேரம் எங்கிட்டப் பேசல. பேசலன்னா என்ன, எதுக்க உக்காந்து மூணு பரோட்டா சாப்பிட்டான்.

ஈரோட்டு அண்ணனுக்கு அன்னைக்கு ராத்திரி ஒரு மெசேஜ் போட்டேன். 2023-லயே போட்டிருக்க வேண்டிய மெசேஜ். அவர் ஒரு கட்டைவிரலை மட்டும் திருப்பி அனுப்பினார்.

இப்ப மணி ஆறே கால். மலை இன்னும் இருட்டாத்தான் இருக்கு. ஊருக்குள்ள இன்னமும் மழை இல்ல. கீழ அப்பா யார்கிட்டயோ "பிள்ளைகள ஓடைப் பக்கம் விடாதீய"ன்னு சொல்றது மைக்ல விழுந்துச்சான்னு தெரியல, விழுந்திருந்தா வெட்டாம விட்டுடறேன்.

உங்க ஊர்ல வெள்ளம் வர்றதுக்கு முன்னாடி பெரியவங்க எதைப் பாப்பாங்க, என்ன சொல்வாங்க? அருவி, ஆறு, ஓடை, எதுவா இருந்தாலும் ஒரு நிமிஷ வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அதையெல்லாம் சேர்த்து ஒரு பகுதி பண்ணலாம்னு இருக்கேன். அடுத்த வாரம் பாப்போம்.